முகப்புப் பக்கம் யாருக்கு? சிறிய சுற்றுச்சூழல் அமைப்பின் இணையதளத்துக்கு மூன்று வடிவங்கள்

ஏரி ஒன்றைக் காக்கும் சிறிய அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்வோம். முழுநேர ஊழியர் ஒருவரோ இருவரோ. மற்ற அனைவரும் தன்னார்வலர்கள். மாதம் இருமுறை கரையைச் சுத்தம் செய்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளைப் பறவை பார்க்க அழைத்துப் போகிறார்கள். நீரில் கழிவு கலப்பதாகத் தகவல் வந்தால் போய்ப் பார்த்து, படம் எடுத்து, உரிய அலுவலகத்துக்கு எழுதுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தன்னார்வலர் அமைத்துக் கொடுத்த இணையதளம் இருக்கிறது. அவர் இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டார். தளத்தைப் புதிதாக்க வேண்டும் என்று ஒரு மாலை எல்லோரும் கூடி உட்காருகிறார்கள்.

அந்த மாலை எப்படிப் போகும் என்பது இப்படிப்பட்ட அமைப்புகளோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். பொருளாளர், நன்கொடைப் பட்டன் பெரிதாக, மேலேயே இருக்க வேண்டும் என்பார். அமைப்பைத் தொடங்கியவர், ஏரி எப்படிக் கெட்டது, எப்படி மீண்டது என்ற கதைதான் முதலில் வர வேண்டும் என்பார். களப்பணியைப் பார்த்துக்கொள்ளும் பெண், "அடுத்த தடவை எங்க, எத்தனை மணிக்குன்னு கேட்டு ஓயாம போன் வருது. அதை முதல்ல போடுங்க" என்பார். மூவரும் அமைப்பின் நன்மைக்காகத்தான் பேசுகிறார்கள். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கைபேசியில் தளம் திறந்தவுடன் தெரிகிற அந்த உள்ளங்கை அளவு இடத்தில் மூன்றையும் வைக்க முடியாது. மூன்றையும் திணித்தால் மூன்றும் கண்ணில் படாது.

ஆக, முடிவெடுக்க வேண்டியது இதுதான்: நன்கொடையை முன்வைப்பதா, கதையை முன்வைப்பதா, வருகிறவர் செய்ய வந்த வேலையை முன்வைப்பதா? என் சாய்வு மூன்றாவது பக்கம். அதற்கான காரணங்களைச் சொல்வதற்கு முன், யாருடைய சாய்வையும் நம்பாமல் இதைக் கண்டுபிடிக்கிற வழிகளைப் பார்க்க வேண்டும். அங்கேயும் தேர்வு இருக்கிறது.

எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது சர்வே. படிவம் ஒன்றைத் தயாரித்து, மின்னஞ்சல் பட்டியலில் இருப்பவர்களுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் ஏற்கெனவே உங்களோடு இருப்பவர்கள். தளத்தைத் திறந்து, தேடியது கிடைக்காமல் மூடிவிட்டுப் போனவர் அந்தப் பட்டியலில் இல்லை. உங்களுக்குத் தேவையான ஆள் அவர்தான். இன்னொரு சிக்கல் கேள்வியிலேயே இருக்கிறது. "புதிய தளத்தில் என்னென்ன வேண்டும்?" என்று கேட்டால் மனிதர்கள் தாராளமாக எல்லாவற்றிலும் டிக் போடுவார்கள். செய்திமடல் வேண்டும், படத்தொகுப்பு வேண்டும், பறவைப் பட்டியல் வேண்டும். வேண்டும் என்று சொல்வதற்குச் செலவு எதுவும் இல்லை. அவற்றைக் கட்டி, பராமரிக்கிற செலவு உங்களுடையது.

சர்வேயில் ஒரு வகையை மட்டும் நான் மதிக்கிறேன். தளத்திலேயே, வந்தவரிடம் இரண்டே கேள்வி: இன்று எதற்காக வந்தீர்கள்? அது முடிந்ததா? பதில் சொல்கிறவர்கள் குறைவுதான். ஆனாலும் அவர்கள் கருத்துச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறார்கள். அயர்லாந்தைச் சேர்ந்த இணையதள ஆலோசகர் ஜெர்ரி மக்கவர்ன் பல ஆண்டுகளாக வலியுறுத்திவரும் முறையும் இதற்கு நெருக்கமானதே. மக்கள் ஒரு தளத்தில் செய்ய வரும் வேலைகளை நீண்ட பட்டியலாக எழுதி, அவர்களையே மிக முக்கியமான சிலவற்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார். பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வேலைகளே வாக்குகளில் பெரும்பகுதியை அள்ளிக்கொள்ளும்.

அடுத்தது, வருகைப் புள்ளிவிவரம். கூகுள் அனலிட்டிக்ஸ், மடோமோ போன்ற வருகையை எண்ணும் கருவி ஏற்கெனவே இணைக்கப்பட்டிருந்தால் பாருங்கள், தவறில்லை. எந்தப் பக்கம் திறக்கப்பட்டது என்று அது சொல்லும். ஏன் என்று சொல்லாது. "எங்களைப் பற்றி" பக்கத்தில் ஒருவர் நான்கு நிமிடம் இருந்தார் என்றால், ஆர்வமாகப் படித்தாரா, தொலைபேசி எண்ணைத் தேடி அலைந்தாரா என்று தெரியாது. சிறிய தளங்களில் வருகையே குறைவு என்பதால் மாதத்துக்கு மாதம் எண்கள் ஏறி இறங்குவதற்குப் பெரும்பாலும் பொருள் எதுவும் இருக்காது. ஆனால் கூகுள் சர்ச் கன்சோலில் ஒரு பட்டியல் கிடைக்கும்: எந்தச் சொற்களைத் தேடி மக்கள் உங்கள் தளத்துக்கு வந்தார்கள் என்பது. அதை மட்டும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மெனுவுக்குப் பெயர் வைக்கும்போது உதவும்.

யாரும் ஆய்வு என்றே கருதாத ஒன்று உண்டு. அமைப்பின் இன்பாக்ஸ். கடந்த மூன்று மாதங்களில் வந்த மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் செய்திகள், போனை எடுக்கிறவரின் நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேசைமேல் பரப்புங்கள். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகக் குவியுங்கள். ஒரு பிற்பகல் போதும். இதைவிடக் குறைந்த உழைப்பில் இதைவிட அதிகம் சொல்லும் முறையை நான் கண்டதில்லை. அந்தக் காகிதங்களில் இருப்பவை, தளம் பதில் சொல்லாததால் மனிதர்கள் மெனக்கெட்டு எழுதிக் கேட்ட கேள்விகள். குழந்தைகளைக் கூட்டி வரலாமா? கையுறை நாங்கள் கொண்டுவர வேண்டுமா? என் வீட்டு வாசலில் ஒரு கொக்கு விழுந்து கிடக்கிறது, என்ன செய்வது? சொற்கள் அவர்களுடையவை. அவற்றை அப்படியே காப்பாற்றி வையுங்கள்.

அதன்பின் நேர்காணல். ஆறு பேர், எட்டுப் பேர் போதும். ஆனால் யார் என்பது முக்கியம். தவறாமல் வருகிற தன்னார்வலரிடம் பேசுவது இனிமையாக இருக்கும், புதிதாக அதிகம் கிடைக்காது. ஒரே ஒருமுறை வந்து, பிறகு வராமல் போனவரைத் தேடிப் பிடியுங்கள். பிள்ளைகளை அழைத்துவர நினைத்துக் கடைசியில் வேறு இடத்துக்குப் போன ஆசிரியரைக் கேளுங்கள். ஒருமுறை பணம் கொடுத்து மறுமுறை கொடுக்காதவரிடம் பேசுங்கள். கேட்க வேண்டியது, "கடைசியாக எப்போது எங்கள் தளத்தைத் திறந்தீர்கள்? அப்போது என்ன தேவைப்பட்டது? பிறகு என்ன செய்தீர்கள்?" என்பது. "இப்படி ஒரு வசதி இருந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்காதீர்கள். உங்கள் முகத்துக்காக ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

கடைசியாக, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. இருக்கிற தளத்தையே ஒருவர் கையில் கொடுத்து, "அடுத்த சுத்தப்படுத்தும் நாளில் கலந்துகொள்ள வேண்டும், கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். உதவக் கூடாது. இது கடினமான வேலை. எதிரில் ஒருவர் திணறும்போது கை தானாகத் திரையை நோக்கிப் போகும். எத்தனை பேரை இப்படிப் பார்க்க வேண்டும்? மக்கள் தளங்களையும் மென்பொருளையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லேண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களை வெளிக்கொண்டுவருகிறார். ஐந்து பேரைப் பார்த்தால் சுமார் 85 சதவீதம் வெளிவந்துவிடும். இந்த எண்ணைப் பலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். அது சராசரி. ஒரே வகையான பயனர்களுக்குப் பொருந்துவது. ஆசிரியரும் நன்கொடையாளரும் வேறு வேறு வேலைக்கு வருகிறவர்கள், ஆகவே இரு வகையிலும் மூன்று நான்கு பேரையாவது பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், ஐந்து பேரை வைத்துக்கொண்டு சிக்கல் எங்கே என்று சொல்லலாமே ஒழிய, எத்தனை சதவீதம் பேருக்குப் பிடித்தது என்று சொல்ல முடியாது.

சிறிய அமைப்புக்கு என் பரிந்துரை: இன்பாக்ஸ் முதலில், நேர்காணல் இரண்டாவது, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது மூன்றாவது. சர்வேயை விட்டுவிட்டாலும் குடிமுழுகாது.

நன்கொடையை முன்வைத்தால்

இந்த வடிவம் பொருளாளரின் கவலையிலிருந்து பிறக்கிறது. அந்தக் கவலை உண்மையானது. பணம் இல்லாமல் கரையைச் சுத்தம் செய்யக் குப்பைப் பைகூட வாங்க முடியாது. முகப்பில் பெரிய பட்டன், தொகைகளின் வரிசை, இந்தத் தொகை இத்தனை மரக்கன்றுக்கு என்ற கணக்கு. பெரிய சர்வதேச அமைப்புகள் இப்படித்தான் வைத்திருக்கின்றன என்று எடுத்துக்காட்டும் வரும். ஆனால் அவர்களின் பெயரை விளம்பரத்திலும் செய்தியிலும் பலமுறை கேட்ட பிறகுதான் அங்கே மக்கள் போகிறார்கள். உங்கள் ஏரியின் பெயரைக்கூட வருகிறவர் அன்றுதான் கேள்விப்பட்டிருப்பார்.

நீல்சனின் குழு லாப நோக்கமற்ற அமைப்புகளின் தளங்களில் மக்கள் நன்கொடை கொடுக்க முயல்வதைப் பார்த்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டது. கொடுக்க நினைப்பவர்கள் அறிய விரும்பியவற்றில் முன்னால் நின்றவை இரண்டு: இந்த அமைப்பு என்ன செய்கிறது, எதை அடைய நினைக்கிறது என்பது ஒன்று; என் பணத்தை எப்படிச் செலவிடுகிறது என்பது மற்றொன்று. அந்தத் தளங்களில் முதல் கேள்விக்கு முகப்பிலேயே பதில் வைத்திருந்தவை 43 சதவீதம். இரண்டாவதற்குப் பதில் வைத்திருந்தவை 4 சதவீதம். ஆண்டுகள் ஓடிவிட்டாலும் இந்த இரண்டு கேள்விகளும் மாறிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பணம் கொடுக்கிற ஒருவர் நியாயமாகக் கேட்க வேண்டியவை அவை.

பட்டனை மூலையில் ஒளித்துவைக்கச் சொல்லவில்லை. அதே ஆய்வில் 17 சதவீதத் தளங்களில் எங்கே நன்கொடை கொடுப்பது என்றே மக்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாப் பக்கங்களிலும், ஒரே இடத்தில், "நன்கொடை" என்ற தெளிவான சொல்லோடு பட்டன் இருக்க வேண்டும். ஆனால் முகப்பின் முதல் இடத்தை அதற்குக் கொடுப்பது, வீட்டுக்குள் வந்தவர் உட்காருமுன் உண்டியலை நீட்டுவது போன்றது.

இந்த வடிவம் சரியாகப் பொருந்துகிற நேரங்களும் உண்டு. நீரில் எண்ணெய் கசிந்து பறவைகள் கரையொதுங்குகின்றன, காட்டுத்தீ பரவுகிறது என்ற நிலையில், செய்தியைப் பார்த்துவிட்டு மக்கள் கொடுப்பதற்கென்றே வருவார்கள். அந்த வாரங்களில் முகப்பையே நன்கொடைப் பக்கமாக்கிவிடலாம். எப்போது பழைய நிலைக்குத் திருப்புவது என்பதையும் அன்றே முடிவுசெய்துவிட வேண்டும்.

கதையை முன்வைத்தால்

பார்க்க அழகானது இதுதான். திரை முழுக்க விடியற்காலை ஏரி, அதன்மேல் ஒரு வரி, கீழே உருட்ட உருட்ட வரலாறு. அமைப்பைத் தொடங்கியவரின் கண் கலங்கும். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. எத்தனையோ ஆண்டு உழைப்பு அந்தப் படத்தில் இருக்கிறது. புதிதாக வருகிற செய்தியாளருக்கும், மானியம் கொடுக்கும் அறக்கட்டளையில் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறவருக்கும் கதை உதவும்.

சிக்கல் அடுத்த வருகையில் தொடங்குகிறது. ஒரு தன்னார்வலர் ஆண்டுக்கு இருபது முறை தளத்தைத் திறந்தால், கதையை ஒருமுறைதான் படிப்பார். மீதிப் பத்தொன்பது முறையும் அதைத் தாண்டி உருட்ட வேண்டும். கதையே ஐந்து படங்களாகச் சுழல்கிற பேனராக வந்துவிட்டால் இன்னும் மோசம். சுழலும் பேனரை மக்கள் விளம்பரம் என்று நினைத்துக் கண்ணை விலக்கிக்கொள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது திரும்பத் திரும்பக் காணலாம். படத்தின்மேல் வெள்ளை எழுத்து வைத்தால் வானமும் நீரும் இருக்கிற இடத்தில் எழுத்து மறையும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது, எல்லோரும் தளங்களைப் பயன்படுத்த முடிவதற்கான இணைய அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளின் (WCAG) இரண்டாம் நிலையான AA கேட்கும் அளவு. சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கு மிகவும் பிடித்த வெளிர் பச்சையை வெள்ளைமேல் எழுத்தாக வைத்தால், பெரும்பாலும் அந்த அளவைத் தொடாது. வெயிலில் நின்று கைபேசியில் படிப்பவருக்கு அங்கே எழுத்து இருப்பதே தெரியாது. உங்கள் தன்னார்வலர்கள் வெயிலில் நிற்பவர்கள்.

அமைப்பு புதியது, அல்லது சட்ட மாற்றத்துக்காக மக்கள் கருத்தைத் திரட்டுகிறது, களத்துக்கு ஆள் கூப்பிடுவதில்லை என்றால் கதையை முன்வைக்கலாம். மற்றவர்கள் கதையை "எங்களைப் பற்றி" பக்கத்திலும், அதைவிட முக்கியமாக நன்கொடைப் படிவத்தின் பக்கத்திலும் வைக்கலாம். பணம் கொடுக்கக் கை நீளும் நேரத்தில்தான், இவர்கள் யார் என்ற கேள்வி மனத்தில் எழும்.

வேலையை முன்வைத்தால்

மேலே ஒரே வாக்கியம்: நாங்கள் யார், எந்த ஏரி, என்ன செய்கிறோம். அதன் கீழே மூன்று அல்லது நான்கு வாசல்கள். எவை என்று இன்பாக்ஸ் குவியல்கள் சொல்லும். நம் எடுத்துக்காட்டு அமைப்புக்கு இப்படி அமையலாம்: அடுத்த சுத்தப்படுத்தும் நாள், இடத்தோடும் நேரத்தோடும். அடிபட்ட பறவையைக் கண்டால் என்ன செய்வது. பள்ளியிலிருந்து பிள்ளைகளை அழைத்துவருவது எப்படி. கழிவு கலப்பதைத் தெரிவிப்பது எப்படி. நன்கொடைப் பட்டன் வழக்கமான இடத்தில்.

நால்வர் கண்ணில் இதைப் பார்ப்போம். புதிதாகக் கைகொடுக்க நினைக்கிறவருக்கு மற்ற இரு வடிவங்களிலும் தேட வேண்டும். இங்கே தேதி எதிரில் நிற்கிறது. ஆசிரியருக்குத் தேவை எத்தனை பிள்ளைகள், எவ்வளவு நேரம், கழிப்பறை உண்டா என்ற விவரங்கள். அவருக்கென்று ஒரு வாசல் இருப்பதே அவரை நிறுத்திப் படிக்கவைக்கும். பறவையைக் கையில் வைத்துக்கொண்டு பதறுகிறவருக்கு இந்த வடிவத்தைத் தவிர வேறெதுவும் உதவாது. அவருடைய பக்கத்தில் தொலைபேசி எண்ணுக்கும் மேலே இரண்டு வரி வேண்டும்: காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள், உணவோ தண்ணீரோ புகட்டாதீர்கள். அந்த இரண்டு வரி ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடும்.

நான்காமவர் நன்கொடையாளர். இந்த வடிவத்தில் அவர் புறக்கணிக்கப்படுகிறார் என்பதுதான் பொருளாளரின் அச்சம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. இந்த அமைப்பு என்ன செய்கிறது என்ற அவருடைய முதல் கேள்விக்கு, வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வடக்குக் கரையில் கூடுகிறார்கள் என்பதைவிட நேரடியான பதில் எது? அர்ப்பணிப்பு, பேரார்வம் என்று எந்த அமைப்பும் தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளலாம். அடுத்த வாரத் தேதியையும், போன வாரம் அள்ளிய குப்பையின் எடையையும் உழைக்கிறவர்கள்தான் எழுத முடியும். கைகொடுக்க வருகிறவருக்காக எழுதிய பக்கம் பணம் கொடுக்க வருகிறவருக்கும் சான்றாகிறது. பணம் கேட்டு எழுதிய பக்கம் கைகொடுக்க வருகிறவருக்கு எதையும் சொல்வதில்லை. என் சாய்வுக்குக் காரணம் இதுதான்.

இதற்கு விலையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. முதல் விலை, தேதி. முகப்பில் போன மாதத் தேதி நின்றால், அமைப்பே படுத்துவிட்டது என்று வருகிறவர் நினைத்துக்கொள்வார். கதை வடிவத்துக்கு இந்த ஆபத்து இல்லை, ஏரிப் படம் பழையதானால் யாருக்கும் தெரியாது. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்க ஒரு பெயரும், அவர் ஊரில் இல்லாதபோது இன்னொரு பெயரும் இல்லாமல் இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டாவது விலை, வாக்குறுதி. பறவை வாசலை முகப்பில் வைத்தால் நள்ளிரவிலும் போன் வரும். எடுக்க ஆள் இல்லையென்றால், எடுக்கிற மீட்பு மையத்தின் எண்ணைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதே நேர்மை. நீங்கள் செய்யாத வேலைக்கு வாசல் திறக்கக் கூடாது.

வாசல்களுக்குப் பெயர்

மெனுவில் "முன்னெடுப்புகள்", "செயல்திட்டங்கள்", "வளங்கள்" என்ற சொற்களைப் பார்க்கும்போதெல்லாம், அவை அமைப்பின் ஆண்டறிக்கையிலிருந்து நேராக வந்தவை என்று தெரிந்துவிடும். வெளியே இருப்பவருக்கு முன்னெடுப்புக்கும் செயல்திட்டத்துக்கும் வேறுபாடு தெரியாது. இதற்குத்தான் துண்டுக் காகிதங்களில் இருந்த சொற்களையும் சர்ச் கன்சோல் பட்டியலையும் காப்பாற்றச் சொன்னேன்.

பக்கங்களின் பெயர்களை அட்டைகளில் எழுதி, மக்களையே அடுக்கச் சொல்லும் முறைக்குப் பதினைந்து பேர் வேண்டும் என்பது நீல்சனின் பரிந்துரை. இருபது பக்கத் தளத்துக்கு அது அதிகம் என்றே நினைக்கிறேன். அதற்கு பதிலாக, முகப்பைக் காகிதத்தில் வரைந்து, ஒரு வேலையைச் சொல்லி, "முதலில் எங்கே தொடுவீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பயன்பாட்டு ஆய்வாளர் பாப் பெய்லியும் அவரோடு பணியாற்றியவர்களும் செய்த ஆய்வில், முதல் கிளிக் சரியான இடத்தில் விழுந்தவர்களில் 87 சதவீதம் பேர் வேலையை முடித்தார்கள். தவறான இடத்தில் விழுந்தவர்களில் 46 சதவீதம் பேரே முடித்தார்கள். மூன்று வடிவங்களையும் மூன்று தாள்களில் வரைந்து ஒவ்வொன்றையும் புதிய ஐந்து பேரிடம் காட்டினால், கூட்டத்தில் வாக்குவாதம் செய்த நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் விடை தெரிந்துவிடும். பொருளாளரையும் தொடங்கியவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். தன் கண்ணால் பார்த்த பிறகு மனம் மாறுவதற்கு யாருக்கும் தயக்கம் இருக்காது.

எதில் கட்டுவது?

இதைத்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மேலே சொன்னவை முடிவானால் இது ஏறக்குறையத் தானாகவே முடிவாகிவிடும்.

விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ் போன்ற தளம் கட்டும் சேவைகளில் நிரல் தெரியாதவரும் தேதியை மாற்றலாம். பாதுகாப்பு, அப்டேட் கவலை இல்லை. மாதாமாதம் கட்டணம் உண்டு. பிறகு வேறிடத்துக்குப் போக நினைத்தால் தளத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போக முடியாது. 2003இல் தொடங்கிய வேர்ட்பிரஸ், உலகின் இணையதளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் இயங்கும் கட்டற்ற மென்பொருள். உங்கள் உள்ளடக்கம் உங்களிடம் இருக்கும், தெரிந்த ஆட்களும் எளிதில் கிடைப்பார்கள். ஆனால் பிளகின்களை (கூடுதல் வசதிக்காக இணைக்கும் துணை நிரல்களை) அப்டேட் செய்யாமல் விட்டால் தளத்துக்குள் எவரேனும் புகுந்துவிடுவார்கள்; சிறிய அமைப்பு, நம்மை யார் சீண்டப்போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், இந்தத் தாக்குதல்கள் ஆள் பார்த்து வருவதில்லை. ஹ்யூகோ, ஜெக்கில் போன்ற கருவிகளில் கட்டும் நிலையான தளம், அதாவது பக்கங்களை முன்கூட்டியே தயாரித்துவைத்து அப்படியே காட்டுவது, மிக இலகுவானது, ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும்) செலவு ஏறக்குறைய இல்லை, உடைத்துக்கொண்டு உள்ளே போக அதிகம் ஒன்றும் இல்லை. தொழில்நுட்பம் தெரிந்த தன்னார்வலர் இதைத்தான் விரும்புவார். அவர் போன பிறகு தேதியை மாற்ற ஆள் இருக்காது. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் வேறு வேலைக்குப் போனவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை முன்வைக்கும் வடிவத்துக்கு வாராவாரம் மாற்றம் தேவை. ஆகவே, போனை எடுக்கிற அதே ஆள் தன் கைபேசியிலிருந்தே தேதியை மாற்ற முடிகிற இடத்தில் கட்டுங்கள். அப்டேட்டைக் கவனிக்கும் ஹோஸ்டிங்கோடு வேர்ட்பிரஸ் என் முதல் தேர்வு. அதைப் பார்த்துக்கொள்ள உறுதியாக ஒருவரும் இல்லையென்றால் விக்ஸ் வகை. எதுவானாலும் டொமைன் பெயர், அதாவது தளத்தின் முகவரி, அமைப்பின் பெயரில், அமைப்பின் மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். தனி ஒருவரின் கணக்கில் இருந்து, அவர் தொடர்பில் இல்லாமல் போய், முகவரியையே இழந்த அமைப்புகளைப் பார்த்திருக்கிறேன், மனம் நொந்துபோகும்.

இன்னும் ஒன்று, சுற்றுச்சூழலுக்காகப் பேசுகிற தளம் என்பதால் கூடுதலாக உறுத்துவது. தானாக ஓடும் வீடியோவும் சுருக்கப்படாத படங்களும் மின்சாரத்தைத் தின்கின்றன, வருகிறவரின் டேட்டாவையும் தின்கின்றன. பார்சிலோனாவிலிருந்து இயங்கும் லோ-டெக் மேகசின் என்ற இதழ் 2018இல் தன் தளத்தைச் சூரிய மின்சாரத்தில் ஓடும் சிறு சர்வருக்கு மாற்றியது. படங்களைக் குறைந்த நிறங்களில் புள்ளிபுள்ளியாகச் சுருக்கி, பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதைப் பக்கத்திலேயே காட்டுகிறது; மேகமூட்டம் நீடித்தால் தளம் அணைந்துவிடும். அதை நான் மிகவும் மதிக்கிறேன், ஆனால் பறவையைக் கையில் வைத்திருக்கிறவருக்கு நம் தளம் அணைந்திருக்கக் கூடாது. படங்களைச் சுருக்குவதும், எழுத்துருக்களைக் குறைப்பதும், வீடியோவைத் தொட்டால் மட்டும் ஓடவைப்பதும் நமக்குப் போதும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்ற கூகுளின் அளவுகோலை இந்த மூன்றுமே பெரும்பாலும் எட்டவைத்துவிடும். வேலையை முன்வைக்கும் வடிவத்தில் முகப்புக்குப் பெரிய படம் தேவைப்படாததால் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இவ்வளவையும் பார்த்த பிறகு, முழுத் தளத்தையும் இடிக்க வேண்டாம் என்றும் தெரியவரலாம். இன்பாக்ஸ் குவியல்களில் பெரியது தேதி பற்றியதாகவும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது எல்லோரும் ஒரே மெனுவில் தடுமாறியதாகவும் இருந்தால், இருக்கிற தளத்தின் முகப்பை மட்டும் ஒரு வார இறுதியில் மாற்றுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி இன்பாக்ஸைத் திறந்து, எந்தக் கேள்விகள் வருவது நின்றிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நிற்காதவற்றை வைத்து அடுத்த மாற்றத்தைத் தொடங்கலாம்.